எண்ணைக் கோடாக்கிய நகரம்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோவில் குளத்தங்கரையிலிருந்து புறப்பட்டு, மணக்காடு, கிழக்கேகோட்டை, தம்பானூர், பாளையம் என்று வடக்கே ஏறிக்கொண்டே போனால், சில கிலோமீட்டரில் ஒரு குன்று வரும். ஊரார் நெடுங்காலம் ‘நட்சத்திர பங்களா’ என்று சொல்லிவந்த வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுவினார். இசைக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட், சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவர். அவரையே முதல் இயக்குநராக்கினார் மகாராஜா. வெயில், மழை, காற்றழுத்தம், மண்ணுக்கு அடியில் உள்ள வெப்பம் என்று அளக்க முடிந்ததையெல்லாம் அளக்கத் தொடங்கினார்கள்.

அளந்தால் எண்கள் குவியும். குவிந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் திருவனந்தபுரம் பல தலைமுறைகளாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. முதலில் இறகுப் பேனாவாலும் மையாலும், பிறகு அச்சுக்கோப்பு மென்பொருளால், இன்று பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. ராக்கெட் வரலாறு தனி, மென்பொருள் வரலாறு தனி, சமஸ்தான வரலாறு தனி என்று பிரித்துவைத்தே நமக்குப் பழகிவிட்டது.

1852-ல் கால்டிகாட்டின் இடத்துக்கு வந்தவர் ஜான் ஆலன் பிரௌன், ஸ்காட்லாந்துக்காரர். அங்கே மேக்கர்ஸ்டனில் சர் தாமஸ் பிரிஸ்பேனின் காந்த ஆய்வகத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. திருவனந்தபுரம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் ஊர். அங்கே தொங்கவிட்ட காந்த ஊசி ஏறக்குறைய கிடைமட்டமாகவே நிற்கும். வட நாடுகளில் போலத் தலை குனியாது. அது தவிர, எந்த நாளும் எந்த ஊசியும் முழுக்க அசையாமல் இருப்பதில்லை. காலையில் ஒரு பக்கம், பிற்பகலில் மறுபக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் நகரும். அந்த நகர்வை மணிக்கு மணி குறித்துவைப்பதே ஆய்வகத்தின் அன்றாட வேலை.

குன்றின் மேல் ஒரு ஆய்வகம் போதாது என்று பிரௌன் நினைத்தார். உயரத்தில் இந்த அசைவு மாறுமா? அதைப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்த இடம் அகத்தியமலை, தமிழர்களுக்குப் பொதிகை. 1,868 மீட்டர் உயரச் சிகரம். யானைக்காடு, அட்டை, மழை, உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று. அந்த இடத்துக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆய்வகத்தைக் கட்டினார்கள். மலையிலும் ஊரிலும் ஒரே நேரத்தில் அளவு எடுக்கப்பட்டது. இத்தனை பாடும் இரண்டு வளைகோடுகளை அருகருகே வைத்து ஒப்பிடத்தான்.

எண்களைக் கோடாக்கிப் பார்க்கும் வழக்கம் அப்போது அவ்வளவு பழையதல்ல. நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை வளைகோடுகளாக வரைந்து வில்லியம் பிளேஃபேர் லண்டனில் வெளியிட்டது 1786-ல். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குள் இது வானிலையாளர்களின் கைக்கு வந்துவிட்டது. காரணம் எளிது. ஒரு மாதத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் மணிநேர அளவுகள். அட்டவணையாகப் பார்த்தால் கண் பூத்துப்போகும். கோடாக வரைந்தால், எங்கோ ஒரு உதவியாளர் 3-ஐ 8 என்று எழுதிய இடத்தில் ஊசிமுனை போல ஒரு துருத்தல் நிற்கும். உண்மையான காந்தப் புயலும் அப்படித்தான் துருத்தி நிற்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி, மூலக் குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போவது. வரைபடம் சந்தேகத்தைக் கிளப்பும். குறிப்பேடு அதைத் தீர்க்கும். பிரௌனின் பணி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்து கொண்டிருந்தது.

அந்த உழைப்புக்குப் பலன் பெரியது. தொலைதூர ஆய்வகங்களின் எண்களோடு திருவனந்தபுரத்து எண்களை வைத்துப் பார்த்தபோது, காந்த விசையின் நாள் சராசரி ஏறுவதும் இறங்குவதும் ஒரு ஊரின் விஷயமல்ல, பூமி முழுவதற்கும் பொதுவானது என்று அவர் கண்டார். அந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 26 நாளுக்கு ஒரு முறை திரும்ப வருவதையும், சூரியன் தன்னைத்தான் சுற்றுவதோடு அது தொடர்புள்ளது என்பதையும் சொன்னார். 1878-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் வழங்கியது.

அவர் வெளியிட்ட பெரிய தொகுப்பு 1874-ல் லண்டனில் அச்சானது. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்த விலக்க அளவுகள் என்று தலைப்பிலேயே இருக்கிறது. பிரௌன் ஊரைவிட்டுப் போனது 1865-ல். மிச்ச ஆண்டுகளின் எண்கள், அவர் பழக்கிவிட்டுப் போன உள்ளூர் உதவியாளர்கள் எடுத்தவை. கருவி பார்த்து, கழித்துக் கூட்டி, சராசரி எடுத்து, தவறைத் திருத்திக் கொடுத்த அந்தக் கைகளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்தத் தொகுப்பின் பெருமை அதன் முடிவுகளில் மட்டும் இல்லை. எண்கள் பக்கம் பக்கமாக அப்படியே அச்சிடப்பட்டிருக்கின்றன. பிரௌன் வரைந்த கோட்டை நம்பாதவர் தானே உட்கார்ந்து வரைந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காந்த நடுக்கோடுதான் நூறாண்டு கழித்து விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயைத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா மீனவ கிராமத்துக்கு இழுத்து வந்தது. 1963 நவம்பர் 21 அன்று அந்திப் பொழுதில் நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து புறப்பட்டு, மேல்வானில் சோடியம் ஆவியைக் கக்கியது. ஆரஞ்சு நிறத்தில் வானில் நெளிந்த அந்த மேகத்தைப் படமெடுத்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று அளந்து, மேல்வளிமண்டலக் காற்றைக் கணக்கிட்டார்கள். தும்பாவின் கதையைத் தமிழ் வாசகர்களுக்கு அப்துல் கலாம் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

கணினி வந்த பிறகு கோடு வரைவது எளிதாகியிருக்க வேண்டும். ஒரு விதத்தில் ஆனது; இன்னொரு விதத்தில் கடினமானது. வரைவதற்கான மென்பொருள் விலைக்கு வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாதபடி பூட்டி வந்தது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது எப்படி வளைத்தது, எந்த எண்ணை விட்டுவிட்டது, ஏன் அந்த இடத்தில் மழுப்பியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பிரௌனின் தொகுப்பில் இருந்த திறந்த தன்மை இந்த இடத்தில்தான் தொலைந்தது. அதை மீட்டவர்களில் சிலர் மறுபடியும் திருவனந்தபுரத்துக்காரர்கள் என்பதுதான் இந்தக் கதையின் அழகு.

கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் பேராசிரியராக இருந்தவர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிப்பாடு. அரைக்குலக் கோட்பாட்டில் உலகம் அறிந்த பெயர். அவர் பெயரிலேயே ஒரு வரிசைமுறை வழங்குகிறது. கணித நூல்களை அழகாக அச்சுக்கோக்க அமெரிக்காவில் டொனால்ட் நூத் எழுதி இலவசமாகவும் திறந்தும் கொடுத்த ‘டெக்’ என்ற மென்பொருளைக் கேரளத்தில் பரப்ப முன்னின்றவர் இவர்தான். அவரோடு சேர்ந்த சி.வி. ராதாகிருஷ்ணன், ரிவர் வேலி என்ற அச்சுக்கோப்பு நிறுவனத்தைத் தொடங்கி, உலகின் பெரிய அறிவியல் இதழ்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்தே பக்கங்களைக் கோத்து அனுப்பினார். எல்சேவியர் நிறுவனத்தின் இதழ்களுக்கு டெக்கில் எழுதிய கட்டுரையை அனுப்பும் விஞ்ஞானி எந்த நாட்டில் இருந்தாலும், பெரும்பாலும் ‘எல்ஸ்ஆர்ட்டிக்கிள்’ என்ற வார்ப்புருவில் எழுதியிருப்பார். அதை எழுதியவர் ராதாகிருஷ்ணன்தான்.

இந்திய டெக் பயனர் குழுவின் மையமும் இந்த நகரம்தான். 2002 செப்டம்பரில் உலக டெக் பயனர் குழுவின் 23-ஆம் ஆண்டு மாநாடு டெக்னோபார்க்கில் நடந்தது. அடுத்த ஆண்டு, திருவனந்தபுரம் கணிதப் பேராசிரியர் இ. கிருஷ்ணனைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு இந்திய டெக் பயனர் குழு வெளியிட்ட, டெக்கின் மேல் கட்டிய லாடெக்குக்கான பாடநூல் இணையத்தில் இலவசமாகப் பரவி, லாடெக்கில் முதல் ஆய்வேட்டை எழுதும் மாணவர்களுக்குக் கைவிளக்கானது. டெக் உலகத்தில் வரைபடம் என்றால் படத்தை ஒட்டுவது அல்ல. ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இந்தத் தடிமனில்’ என்று எழுத்தாலேயே சொல்வது. பி.எஸ்.டிரிக்ஸ், மெட்டாபோஸ்ட் எல்லாம் அந்த வகை. 1986-ல் தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் எழுதிய ‘க்னுபிளாட்’டும் கட்டளை கொடுத்தால் கோடு வரையும். வரைபடம் தவறாக வந்தால் எந்த வரியில் தவறு என்று தேடலாம். நண்பரிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம். பொத்தானை அழுத்தி வரைந்த படத்தில் இது முடியாது.

2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். அது பற்றி அரசியல் பேச்சு நிறைய உண்டு. அந்தப் பேச்சுக்கு அடியில் ஏற்கெனவே டெக்கில் கை தேய்ந்த ஒரு கூட்டம் இருந்தது, அதனால்தான் அந்த விதை முளைத்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அதே 2001-ல், சென்னை ஐஐடி வளாகத்தில் விமானப் பொறியியல் ஆய்வு மாணவர் ஒருவர் வேறொரு சிக்கலில் இருந்தார். பிரபு ராமச்சந்திரன். காற்று எப்படிச் சுழிக்கிறது, எங்கே பிரிகிறது என்று கணினியில் கணக்குப் போடுபவர். கணக்கின் விடை முப்பரிமாண எண்குவியல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வேகம், ஒரு திசை, ஒரு அழுத்தம். அதைக் கண்ணால் பார்க்கும் மென்பொருள்கள் அன்று ஆய்வு மாணவரின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. வி.டி.கே. என்ற திறமூல லைப்ரரி இருந்தது. ஆனால் ஒரு படத்துக்குப் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். பிரபு அதன் மேல் பைத்தானில் ஒரு மேலுறை எழுதி, ‘மாயாவி’ என்று பெயரிட்டு உலகத்துக்குத் திறந்துவிட்டார். நீரோட்டக் கோடுகள், வெட்டுமுகங்கள், சம அழுத்தப் பரப்புகள் எல்லாம் சில கட்டளைகளில் வந்தன. அமெரிக்காவின் என்தாட் நிறுவனத்தின் ஆதரவோடு அது பின்னர் முழுக்கத் திருத்தி எழுதப்பட்டது. பிரான்சின் கெய்ல் வரோகோவும் அதில் பெரும்பங்கு எடுத்தார். பெயரிலேயே இந்திய வாசனையோடு உலக ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்த மென்பொருள்கள் மிகச் சிலவே. மாயாவி அவற்றில் ஒன்று.

மாயாவியை நிறுவுவது அன்று பெரும்பாடாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்களில் வி.டி.கே.-யை மூலநிரலிலிருந்து கட்டவேண்டும். கணினி மணிக்கணக்கில் ஓடி, கடைசியில் ஒரு சிறு கோப்பு இல்லை என்று நின்றுவிடும். அந்தக் கோப்பைத் தேடிப் போட்டால் அடுத்தது இல்லை என்று சொல்லும். இன்று பைத்தான் பொதிகள் ஒரே கட்டளையில் இறங்குகிற காலம். அன்று பொறுமைதான் முதல் மூலதனம்.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஹண்டர் என்ற நரம்பியலாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் அலைகளை வரைய ஒரு விலைக்கு வாங்கிய மென்பொருள். உரிமம் ஒன்றே ஒன்று. அந்த உரிமச் சாவியை, அதாவது கணினியின் பின்னால் செருகும் ‘டாங்கிள்’ என்ற சிறு துண்டை, ஆய்வாளர்கள் முறைவைத்துக் கைமாற்றிக் கொண்டார்கள். ஒருவர் கோடு பார்க்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஹண்டர் அதற்கு மாற்றாகத் தானே எழுதத் தொடங்கி 2003-ல் வெளியிட்டதுதான் ‘மேட்பிளாட்லிப்’. அன்று பொறியியல் உலகம் பழகியிருந்த மேட்லேப் மென்பொருளின் கட்டளைகளைப் போலவே தன் கட்டளைகளையும் அமைத்ததால், மாறி வருபவர்களுக்குக் கை தடுமாறவில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை நடத்தும் நிறுவனம் தொடக்கத்திலேயே அதை ஏற்று, ஆள் கொடுத்து வளர்த்தது. ஹண்டர் 2012 ஆகஸ்டில், 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் இறந்தார். அவர் எழுதிய லைப்ரரி அவரோடு நிற்கவில்லை. நிரல் திறந்திருந்ததால் மற்றவர்கள் அந்த வரிகளைப் படித்து, அங்கிருந்தே தொடர்ந்தார்கள்.

சென்னை இழையும் சிகாகோ இழையும் சந்தித்த இடம் எது? 2009 டிசம்பரில், அறிவியல் கணிப்புக்குப் பைத்தான் பயன்படுத்துவோரின் முதல் இந்திய மாநாடு, ‘சைபை இந்தியா’, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நடந்தது. மும்பை ஐஐடிக்குப் பேராசிரியராகப் போயிருந்த பிரபு ராமச்சந்திரனும், கல்வியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்ப அவர் அங்கே முன்னின்று நடத்திய ‘ஃபாசி’ திட்டமும் அதற்குத் தூணாக இருந்தார்கள். இந்தியாவில் டெல்லி, பெங்களூரு, சென்னை என்று எத்தனையோ ஊர்கள் இருக்க, முதல் கூட்டம் இந்த ஊரில் கூடியது பொருத்தம்தான். டெக்னோபார்க்கிலிருந்து தும்பாவும் அதிகத் தொலைவில்லை. பாதைகளை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கு ஏற்கெனவே வீடு திறந்து வைத்திருந்த ஊர் அது.

சரி, இன்று அதே நகரத்தில் ஒரு மாணவி உட்கார்ந்து மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்பு ஒன்றில் படம் வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் வட்டாரங்களில் பெய்த மழையைப் பட்டைகளாக வரைய வேண்டும். கீழே வட்டாரங்களின் பெயர்கள் தமிழில்: ஸ்ரீவராகம், மணக்காடு, கிழக்கேகோட்டை, பேட்டை. படம் வருகிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் காலிப் பெட்டிகள். கூடவே ஓர் எச்சரிக்கை: இப்போதைய எழுத்துருவில் கிளிஃப் 3000 இல்லை. அந்த 3000 வேறொன்றுமில்லை, யூனிகோடில் ‘ஸ’ எழுத்தின் எண். ஸ்ரீவராகத்தின் முதல் எழுத்திலேயே மென்பொருள் தடுக்கி விழுந்திருக்கிறது. மேட்பிளாட்லிப்போடு வரும் தேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே காரணம்.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, அமைப்பில் அதன் பெயரைக் கொடுக்கிறாள். பெட்டிகள் அப்படியே. இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுவார்கள். கணினியில் உள்ள எழுத்துருக்களின் பட்டியலை மேட்பிளாட்லிப் ஒரு முறை எடுத்துத் தனியே ஒரு கோப்பில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறது. புதிதாக வந்த எழுத்துரு பழைய பட்டியலில் இருக்காது. அந்தச் சேமிப்புக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் பட்டியல் புதிதாக எழும்; பெட்டிகள் போய் எழுத்துகள் வரும்.

வந்த எழுத்துகளைப் பார்த்தால் அடுத்த அதிர்ச்சி. ‘ஸ்ரீ’ கூடி நிற்கவில்லை. ஸகரமும் புள்ளியும் தனியே, ‘ரீ’ தனியே. ‘கிழக்கேகோட்டை’யில் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது, ஐகாரக் குறியும் அப்படியே. தமிழ் எழுதத் தெரியாத ஒருவர் எழுத்தைக் கொட்டிவிட்டுப் போனது போல இருக்கிறது. பிழை எழுத்துருவில் இல்லை. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவரவும், கூட்டெழுத்தைக் கூட்டவும் தனியாக ஒரு வேலை நடக்க வேண்டும். உலாவிகளில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற லைப்ரரிகள் செய்கின்றன. மேட்பிளாட்லிப்போ நெடுங்காலமாக எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் போதாது.

வழி இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே. படத்தை எஸ்.வி.ஜி. வடிவில் சேமித்து, எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விடு என்று ஒரு அமைப்பை மாற்றினால், உலாவி அதைத் திறக்கும்போது தானே சரியாகக் கூட்டிக்கொள்ளும். அச்சுக்கு வேண்டுமென்றால் பி.ஜி.எஃப். என்ற பின்புலத்தைத் தேர்ந்து, எழுத்துக் கோக்கும் பொறுப்பை ஸீலாடெக்கிடம் ஒப்படைக்கலாம். அதாவது படத்தை ஹண்டரின் மேட்பிளாட்லிப் வரையும். ‘ஸ்ரீவராக’த்தை நூத்தின் டெக்கிலிருந்து கிளைத்த மென்பொருள் எழுதும். நம்பூதிரிப்பாடும் ராதாகிருஷ்ணனும் இந்த நகரத்தில் வளர்த்த டெக் மரபு, பைத்தான் தலைமுறைக்குக் கைகொடுக்கும் இடம் இது.

இந்தத் தேடலில் மாணவி கற்பது எழுத்துருவை மட்டும் அல்ல. எச்சரிக்கை வரியைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்பது. எந்தப் படியில் பிழை நுழைந்தது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது என்பது. மற்ற சிக்கல்களும் இந்த வகைதான். படத்தைத் திரையில் காட்டிவிட்டு அதன்பின் சேமித்தால் கோப்பில் வெறும் வெள்ளை இருக்கும்; சேமிப்பதை முதலில் வைக்க வேண்டும். திரையே இல்லாத சர்வரில் பழைய பதிப்புகளை ஓட்டினால் காட்சி கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். திரை கேட்காத ‘ஆக்’ பின்புலத்தை முன்கூட்டியே தேர்ந்துவிட்டால் ஓடும். தன் பயிற்சிக் கோப்புக்கே மேட்பிளாட்லிப் என்று பெயர் வைத்துவிட்டு, லைப்ரரி வேலை செய்யவில்லை என்று புலம்பும் புதியவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பைத்தான் பக்கத்தில் இருக்கும் கோப்பையே முதலில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மலையாளத்தில் இதே ஸ்ரீவராகத்தை எழுதினாலும் ‘ஸ்ரீ’ இதே இடத்தில் உடையும். கூட்டெழுத்துகள் தமிழைவிட மலையாளத்தில் அதிகம் என்பதால் அங்கே சேதமும் அதிகம். மலையாள எழுத்துருக்களுக்காகவும் அவை கணினியில் பிசகாமல் கூடுவதற்காகவும் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 2002 முதல் உழைத்து வருகிறது. கட்டற்ற மென்பொருளில் எழுத்துக் கூட்டும் அடித்தளம் ஒன்றேதான். ஒரு மொழிக்காகச் செய்த திருத்தம் பக்கத்து மொழிக்கும் பாதை திறக்கும். கோட்டைப் பகுதியின் அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசி மலையாளம் படித்துவரும் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படம் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே அது உண்மையைச் சொல்கிறது என்று ஆகிவிடாது. மேட்பிளாட்லிப்பிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நெடுங்காலம் அதன் இயல்பான வண்ண வரிசை ‘ஜெட்’: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானவில் போல. பார்க்கக் கவர்ச்சி. ஆனால் மஞ்சளும் வெளிர்நீலமும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிவதால், எண்ணில் இல்லாத விளிம்புகள் கண்ணுக்குத் தெரியும். மழை சீராகக் கூடிக்கொண்டே போகும் இடத்திலும் ஒரு கோடு கிழித்தது போலப் பிரிவு தோன்றும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் உச்சமும் அடியும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் மோசம். ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நதானியேல் ஸ்மித்தும், மனிதக் கண் வெளிச்சத்தை உணரும் விதத்தைக் கணக்கில் எடுத்து ‘விரிடிஸ்’ என்ற வண்ண வரிசையை வடிவமைத்தார்கள். 2017 ஜனவரியில் வெளியான 2.0 பதிப்பில் அது இயல்பானதாக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பழகிய ஒன்றை மாற்றுவதற்கு முன் வெளிப்படையாக விவாதித்தார்கள், காரணத்தை எழுதிவைத்தார்கள், பழையதே வேண்டுமென்பவர் ஒரு வரியில் திரும்பிப் போகவும் வழிவிட்டார்கள். தன் வரைபடம் ஏன் நிறம் மாறியது என்று கேட்பவருக்கு முழுப் பதில் கிடைக்கும். பூட்டிவைத்த மென்பொருளில் இதற்கு இடமே கிடையாது.

கேரளத்தில் இது ஆய்வாளர்களோடு நிற்கவில்லை. பள்ளிகளுக்கென 2001-ல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பின்னர் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாகி, குனு லினக்ஸையே பள்ளிக் கணினிகளில் நிலைநிறுத்தியது. உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் ஜியோஜீப்ராவும் பைத்தானும் வந்தன. மாணவர்களுக்கான இன்னொரு முயற்சி டெல்லியில் நடந்தது. அங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் பணியாற்றிய பி.பி. அஜித் குமார், ‘எக்ஸ்பைஸ்’ என்ற சிறு கருவியை உருவாக்கி, வடிவமைப்பையும் நிரலையும் திறந்துவிட்டார். கையடக்கப் பெட்டி, கணினியின் யு.எஸ்.பி.யில் செருகினால் அலைக்காட்டி, மின்னழுத்தமானி, அலை உற்பத்தி எல்லாம் அதுவே. பைத்தானில் கணக்குப் போட்டு, மேட்பிளாட்லிப்பில் வரைந்து, லாடெக்கில் எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்காக ‘பைத்தான் ஃபார் எஜுகேஷன்’ என்ற நூலையும் அவர் எழுதி இலவசமாக வெளியிட்டார். தனித்தனியாக வந்த இழைகள் அந்த ஒரே நூலில் கூடின.

எக்ஸ்பைஸில் மாணவர்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று இது. செப்புக் கம்பிச் சுருளை நிமிர்த்திப் பிடித்து, அதன் நடுவே ஒரு சிறு காந்தத்தை மேலிருந்து விடுகிறார்கள். காந்தம் சுருளுக்குள் நுழையும்போது திரையில் ஒரு கூம்பு மேலே எழும்பும். வெளியேறும்போது இன்னொரு கூம்பு கீழே இறங்கும். இரண்டாவது கூம்பு முதலாவதைவிட உயரம் கூடியும் அகலம் குறைந்தும் இருக்கும், விழ விழக் காந்தத்தின் வேகம் கூடுவதால். எண்களைக் கோப்பில் சேமித்து மேட்பிளாட்லிப்பில் மறுபடி வரைந்து, ஒவ்வொரு கூம்பின் பரப்பையும் பைத்தானில் இரண்டே வரியில் கூட்டிப் பார்க்கிறார்கள். வடிவம் வேறு வேறாக இருந்தாலும் குறியை விட்டுவிட்டால் இரண்டு பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வராவிட்டால் அளவெடுக்கும் இடைவெளி நீண்டு உச்சி தவறியதா, சுருளின் இணைப்பு தளர்ந்ததா என்று தேடத் தொடங்குகிறார்கள்.